இரட்டை டீசல் எஞ்சின் கொண்ட பழைய மோட்டார் யாட்டில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறதா? அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பல ஆண்டுகள் ஓடிய இரட்டை எஞ்சின் யாட்டின் உரிமையாளர் “டீசல் அதிகமாகக் குடிக்கிறது” என்று சொல்லும்போது, அந்த ஒரு வரிக்குள் ஏழெட்டு வெவ்வேறு பழுதுகள் அடங்கியிருக்கலாம். இதே குறையைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்ததில் எனக்குப் பழகிப்போன வரிசை இது: முதலில் அளவு, அடுத்துப் படகின் அடிப்புறமும் புரொப்பல்லரும், பிறகு காற்றும் புகைவழியும், கடைசியாகத்தான் டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் இன்ஜெக்டரும் அதற்கு அழுத்தம் கொடுக்கும் பம்பும். இன்ஜெக்டர்களை முதலிலேயே கழற்றி அனுப்பியவர்கள், பெருந்தொகை கொடுத்து அவற்றைத் திரும்பப் பொருத்திய பிறகும், அடிப்புறத்தில் ஒட்டியிருந்த கொட்டலசுகளை (ஓடுடைய சிறு கடலுயிரிகள்) இழுத்துக்கொண்டு பழைய கணக்கிலேயே டீசலை எரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரட்டை எஞ்சினில் ஒரு பெரிய வசதி உண்டு. ஒரே வயது, ஒரே வேலை, ஒரே கடல் என்பதால் ஓர் எஞ்சினுக்கு மற்றொன்றே அளவுகோலாகிறது. ஆகவே எந்தச் சோதனையையும் இரு பக்கமும் செய்து, இரண்டு எண்களையும் அருகருகே எழுதி வையுங்கள்.

எல்லா அறிகுறிகளுக்கும் முன்: நம்பத்தக்க ஓர் அளவு

பழைய டேங்குகள் பெரும்பாலும் படகின் வளைவுக்கேற்ப அடியில் குறுகியவை. ஆகவே முள் பாதியில் நிற்கும்போது டீசல் பாதி இருப்பதில்லை. காலி டேங்கில் நூறு நூறு லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளவுகோலில் கோடு போட்டுக்கொள்வதே சரியான வழி. அது இயலாதபோது, படகு அசையாமல் மட்டமாக நிற்கையில் டேங்கை ஒரு குறிப்பிட்ட கோடு வரை நிரப்பி, ஒரே சுழற்சி வேகத்தில் சில மணி நேரம் ஓட்டிவிட்டு, அதே கோடு வரை மீண்டும் நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை ஓடிய மணிகளால் வகுத்தால் கிடைப்பதே உங்கள் அடிப்படை எண். அந்த நேரத்தில் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் அதன் பங்கைக் கழித்துவிடுங்கள். ஏறத்தாழ 6 கிலோவாட் சுமையில் ஓடும் ஜெனரேட்டரே மணிக்கு 2 முதல் 3 லிட்டர் வரை எரிக்கும், அதுவும் பெரும்பாலும் அதே டேங்கிலிருந்து.

வேகத்தை ஜிபிஎஸ்ஸில் எதிரெதிர்த் திசைகளில் இருமுறை பார்த்து, இரண்டு வேகங்களின் சராசரியை எடுத்தால் நீரோட்டத்தின் தாக்கம் நீங்கும். அலகுகளிலும் கவனம் வேண்டும். பழைய கையேடுகளில் “காலன்” என்று மட்டும் இருக்கும். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், இம்பீரியல் காலன் 4.546 லிட்டர். இந்த ஒரு குழப்பத்தால் நல்ல எஞ்சின்கள் பழுதானவையாகக் கருதப்பட்டதுண்டு.

இனி ஓர் எளிய உரைகல். பழைய கடல்சார் டீசல் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் எரித்து ஏறத்தாழ 3.5 முதல் 4 கிலோவாட் வரை தரும். ஆகவே 200 கிலோவாட் எஞ்சின் முழுத் திறனில் ஓடினாலும் மணிக்கு 50 முதல் 60 லிட்டருக்குள்தான் எரிக்க இயலும். மிதமான ஓட்டத்தில் 70 லிட்டர் என்று உங்கள் கணக்கு சொன்னால், அந்த டீசல் எஞ்சினுக்குள் எரியவில்லை. கணக்கு தவறு, அல்லது டீசல் வேறெங்கோ போகிறது. வேறெங்கோ போகிறது என்றால், படகின் அடியில் நீர் தேங்கும் பள்ளமான பில்ஜை அன்றே பாருங்கள். தானியங்கிப் பில்ஜ் பம்ப், கசிந்த டீசலை ஓசையின்றிக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கலாம். அது கடலுக்குக் கேடு என்பதோடு எஞ்சின் அறையில் தீ ஆபத்தும் ஆகும்.

அறிகுறி 1: இரு எஞ்சின்களும் ஒரே அளவில் கூடுதலாக எரிக்கின்றன, புகை இல்லை

இரண்டு எஞ்சின்கள் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்குக் கெட்டுப்போவது அரிது. எனவே இரண்டுக்கும் பொதுவானவற்றைத் தேடுங்கள்.

*வேகம் கூட்டப்பட்டிருக்கிறதா?* செலவில்லாத சோதனை இது. அடிக்கடி விடை கிடைப்பதும் இதில்தான். நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் படகின் இயல்பான உச்ச வேகம், நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை (மீட்டரில்) 2.43 ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் கிடைக்கும். 12 மீட்டர் நீர்க்கோட்டுக்கு இது ஏறத்தாழ 8.4 நாட். அந்த எல்லையை நெருங்கும்போதும் தாண்டும்போதும் ஒவ்வொரு அரை நாட்டுக்கும் கொடுக்கும் டீசல் செங்குத்தாக ஏறும். புரொப்பல்லர் கேட்கும் திறன் சுழற்சி வேகத்தின் முப்படியை ஒட்டி உயர்வதால், சுழற்சி வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தாலே டீசல் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கணக்குக்கு ஒரு படகை எடுத்துக்கொள்வோம். 7.5 நாட்டில் இரு எஞ்சின்களும் சேர்ந்து மணிக்கு 15 லிட்டர் எரித்தால் கடல்மைலுக்கு 2 லிட்டர். அதே படகு 10 நாட்டில் 45 லிட்டர் எரித்தால் கடல்மைலுக்கு 4.5 லிட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்குச் செலவு இரு மடங்குக்கு மேல் போய்விட்டது. புதிய உரிமையாளர் முந்தையவரைவிட அவசரக்காரராக இருந்தால், படகில் எந்தப் பழுதும் இல்லாமலேயே இந்தக் குறை எழும்.

*எடை கூடியிருக்கிறதா?* பழைய படகுகள் ஆண்டுதோறும் பருமனாகின்றன. கூடுதல் பேட்டரிகள், கழற்றி எறியாத பழைய கருவிகள், நிரம்பிய தண்ணீர் டேங்குகள், பின்பக்கம் தொங்கும் சிறு படகு என்று சேர்ந்துகொண்டே போகும். நிறுத்தியிருக்கும்போது நீர்க்கோட்டைப் பாருங்கள். அடிப்புறச் சாயத்தின் மேல்விளிம்பு பின்பக்கம் நீருக்குள் மறைந்திருந்தால் படகு பின்னால் அமர்ந்து ஓடுகிறது. பாரத்தை முன்னே நகர்த்தி, அதே சுழற்சி வேகத்தில் மீண்டும் ஓட்டி, வேக மாற்றத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*அடிப்புறமும் புரொப்பல்லரும் சுத்தமா?* மேலே சொன்னவை சரி எனில் அடுத்த செலவு ஒரு முழுக்காளர் அல்லது படகைக் கரையேற்றுவது. அடிப்புறத்தில் வழவழப்பான பாசி படிந்தாலே உராய்வு உணரத்தக்க அளவு கூடும். கொட்டலசுகள் ஒட்டினால் சொல்ல வேண்டியதில்லை. அடிப்புறத்தைத் தேய்த்துவிட்டுப் புரொப்பல்லரை அப்படியே விட்டுவிடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. பரப்பளவில் சிறியதானாலும் எஞ்சினின் முழுத் திறனும் கடந்து போகும் இடம் அதுவே. புரொப்பல்லர் இதழின் முதுகுப்புறத்தில் ஒட்டிய சில கொட்டலசுகள்கூட இழுவிசையைக் கெடுக்கும். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே சுழற்சி வேகத்தில் எடுத்த இரண்டு வேக எண்கள், அடுத்த முறை எப்போது முழுக்காளரை அழைப்பது என்பதை உங்களுக்குச் சொல்லித்தரும்.

அடிப்புறம் சுத்தமாக இருந்தும் நிலைமை மாறவில்லை என்றால், கரையேற்றியிருக்கும்போதே சுக்கான்களின் கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு சுக்கான்களும் ஒன்றுக்கொன்று தவறிய கோணத்தில் நின்றால், நேராகப் போகும்போதும் அவை தடையாகவே நிற்கும். அளந்து திருத்துவதைப் படகுக் கட்டுமானத் தச்சரிடமே விடுங்கள்.

அறிகுறி 2: ஒரு பக்க எஞ்சின் மட்டும் கூடுதலாக எரிக்கிறது

*முதலில்: அது எஞ்சின் எரித்த டீசல்தானா?* டீசல் எஞ்சின் பம்ப் இழுக்கும் எரிபொருளில் ஒரு பகுதி எரியாமல் திரும்புகுழாய் வழியே டேங்குக்கு வரும். டெட்ராய்ட் டீசல் 6-71, 8வி-71 போன்ற இரண்டடி (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின்களில் திரும்பி வரும் அளவு மிக அதிகம். இடது டேங்கிலிருந்து இழுத்து வலது டேங்குக்குத் திரும்பும்படி வால்வுகள் இருந்தால், இடது டேங்க் விரைவில் வற்றும், வலது டேங்க் நிரம்பிக் காற்றுக்குழாய் வழியே கடலில் வழியவும் கூடும். இழுக்கும் வால்வு, திரும்பும் வால்வு, இரு டேங்குகளையும் இணைக்கும் வால்வு மூன்றையும் குழாயைக் கையால் தொடர்ந்து சென்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் ஒட்டிய பெயர்ச்சீட்டை நம்ப வேண்டாம். எஞ்சின் ஓடியபின் திரும்புகுழாய் வெதுவெதுப்பாக இருக்கும். எந்த டேங்கை நோக்கிப் போகும் குழாய் சுடுகிறது என்பதே விடையைச் சொல்லிவிடும்.

*சுழற்சிமானி உண்மை சொல்கிறதா?* வால்வுகள் சரி எனில், கையடக்க ஒளியியல் சுழற்சிமானியால் இரு எஞ்சின்களின் முன்பக்கக் கப்பியையும் அளந்து பாருங்கள். பழைய முள்மானிகள் நூறு, இருநூறு சுற்றுகள் தவறிக் காட்டுவது சாதாரணம். மானியில் இரண்டும் 1800 என்று நிற்க, உண்மையில் ஒன்று 1750இலும் மற்றொன்று 1900இலும் ஓடினால், வேகமாகச் சுழலும் எஞ்சின் படகின் பாரத்தில் பெரும்பங்கைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதன் செலவு கூடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

*கியர்பாக்ஸ் வழுக்குகிறதா?* அதே ஒளியியல் மானியால் புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டையும் அளந்து, எஞ்சின் சுற்றை ஷாஃப்ட் சுற்றால் வகுத்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் தகட்டில் பொறித்த விகிதமும் இந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பாரம் ஏற ஏற எண் பெரிதானால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் எண்ணெயின் அளவு, நிறம், எரிந்த வாடை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, மேலும் ஓட்டாமல் கியர்பாக்ஸ் பணியாளரை அழையுங்கள்.

*ஷாஃப்ட் இறுகியிருக்கிறதா?* எஞ்சின் நின்று, கியர் நியூட்ரலில் இருக்கும்போது ஷாஃப்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஒன்று எளிதாகச் சுழல, மற்றொன்று பிடித்து நின்றால், புரொப்பல்லரில் கயிறு அல்லது வலை சுற்றியிருக்கலாம், ஷாஃப்ட் வழியே நீர் உள்ளே வராமல் தடுக்கும் அடைப்புப் பெட்டி அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கலாம், அல்லது எஞ்சினும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லாமலிருக்கலாம். இணைப்புத் தட்டுகளின் இடைவெளி, தட்டின் விட்டத்தில் ஒவ்வொரு 100 மில்லிமீட்டருக்கும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. இந்த அளவைப் படகு நீரில் மிதக்கும்போதுதான் எடுக்க வேண்டும்; கரையில் நிற்கும் படகின் உடல் வடிவம் சற்றே மாறியிருக்கும்.

இவை அனைத்தும் இருபுறமும் ஒத்திருந்தும் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக எரித்தால், அந்த எஞ்சினின் இன்ஜெக்டர்களையும் பம்பின் நேர அமைப்பையும் (டீசலைத் தூவும் தருணம்) பட்டறையில் சோதிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. ஓடும் எஞ்சினில் உயரழுத்தக் குழாய்களைத் தளர்த்திப் பார்க்கும் பழைய முறையை நீங்களே செய்ய வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

அறிகுறி 3: கரும்புகை வருகிறது, முழு ஆக்சிலரேட்டரிலும் எஞ்சின் உரிய சுற்றை எட்டவில்லை

பழைய படகுகளில் நான் அதிகம் எதிர்கொள்வது இதுதான். எஞ்சினின் ஆயுளை விரைவாகத் தின்பதும் இதுவே. கரும்புகை என்றால் எரிக்கப் போதிய காற்று இல்லாத அளவுக்கு டீசல் உள்ளே செல்கிறது என்று பொருள். பாரம் மிகுதியா, காற்று குறைவா என்பதைத்தான் பிரித்தறிய வேண்டும்.

டேங்குகள் நிரம்பி, வழக்கமான பாரத்துடன், எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, சில நிமிடங்கள் மட்டும் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, இரு எஞ்சின்களின் உண்மையான சுற்றையும் ஒளியியல் மானியால் குறித்துக்கொள்ளுங்கள். தகட்டில் எழுதிய உச்சச் சுற்றை எஞ்சின் எட்ட வேண்டும். சற்றுத் தாண்டினால் இன்னும் நல்லது. நூறு சுற்றுக்கு மேல் குறைந்தால் கீழ்க்காணும் கிளைகளைப் பின்பற்றுங்கள்.

*இரண்டுமே எட்டவில்லை எனில்:* லீவரை முழுவதும் தள்ளும்போது பம்பின் கை அதன் எல்லையைத் தொடுகிறதா என்று ஒருவர் எஞ்சின் அறையில் நின்று பார்க்கட்டும். நீண்டுபோன கேபிளே காரணமாக இருந்த படகுகளும் உண்டு, ஆனால் அப்போது கரும்புகை இருக்காது. புகையும் இருந்தால் எஞ்சின் அறை மூடியைச் சற்றுத் திறந்துவைத்து மீண்டும் ஓட்டுங்கள். ஆள் தவறி விழாதபடி ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். சுற்று உடனே ஏறினால் அறைக்குள் வரும் காற்றுவழிகள் போதவில்லை: ஒலித்தடுப்புப் பஞ்சு உதிர்ந்து அடைத்திருக்கலாம், யாரோ பொருட்களை அங்கே அடுக்கியிருக்கலாம். சுற்று மாறவில்லை எனில் மீண்டும் அடிப்புறம், எடை, புரொப்பல்லர் என்ற வரிசைக்கே திரும்புங்கள். அவையும் சரி என்றால் புரொப்பல்லரின் புரிநீளம் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) இந்தப் படகுக்கு மிகுதி. எடை கூடிய பழைய படகுகளில் இது மிக இயல்பு. புரிநீளத்தை ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும் என்பது பட்டறைக் கணக்கு. இரு புரொப்பல்லர்களையும் ஒருசேர அனுப்பி, ஒரே அளவில் திருத்திப் பெறுங்கள்.

*ஒன்று மட்டும் எட்டவில்லை எனில்:* மலிவிலிருந்து தொடங்குங்கள். எரிபொருள் ஃபில்டர், பிறகு காற்று ஃபில்டர். ஃபில்டருக்குப் பின் வெற்றிடமானி பொருத்தியிருந்தால், முழு ஓட்டத்தில் இரு பக்க முள்ளையும் ஒப்பிடலாம். எரிபொருள் ஃபில்டர் அடைத்தால் திறன் குறையுமே தவிரக் கரும்புகை வராது. புகையோடு திறன் குறைந்தால் காற்றுப் பக்கமே போங்கள். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) உள்ள எஞ்சினின் காற்று ஃபில்டரை எஞ்சின் ஓடும்போது ஒருபோதும் கழற்றாதீர்கள்.

அடுத்து டர்போவின் அழுத்தத்தை இருபுறமும் ஒப்பிடுங்கள். குறைவாக இருக்கும் பக்கத்தில் காற்றுக்குழாயின் இணைப்புகள் கசிகின்றனவா என்று பார்த்தபின், எஞ்சின் ஆறியதும் டர்போவின் சக்கரத்தை விரலால் சுழற்றுங்கள். உரசாமல் தடையின்றிச் சுழல வேண்டும். டர்போ சரி எனில், கடல்நீரும் புகையும் கலக்கும் புகைவழி முழங்கையைக் கழற்றி உள்ளே பாருங்கள். துருவும் கரியும் உப்பும் சேர்ந்து அதன் துளை பாதியாகச் சுருங்கியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்; வெளியே புதுச்சாயம் மின்ன, உள்ளே விரல் நுழையாத நிலை. பழைய எஞ்சினில் அதைத் தேயும் பொருளாகவே கருதி மாற்றிவிடுவது நல்லது. கடைசியாக வருவது, டர்போ அழுத்திய காற்றைக் கடல்நீரால் ஆற்றும் காற்றுக் குளிர்விப்பான். எண்ணெய்ப் படலமும் உப்பும் படிந்த குளிர்விப்பானைக் கழற்றிக் கழுவி, அழுத்தச் சோதனை செய்து பூட்டுவது பட்டறை வேலை. கசியும் குளிர்விப்பான் கடல்நீரை நேரே சிலிண்டருக்குள் விடும் என்பதால் அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

அறிகுறி 4: வெண்புகை அல்லது நீலப்புகை

வெண்மை உடனே காற்றில் கரைந்தால் அது நீராவி. குளிர்ந்த காலையில் இயல்பு. கண்ணை எரித்து, நீர்மேல் எண்ணெய்ப் படலம் விட்டுச் சென்றால் எரியாத டீசல். எஞ்சின் வெப்பமானியைப் பாருங்கள். மறுபக்க எஞ்சினைவிடக் குளிராகவே ஓடினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. மலிவான பாகம், எளிதான மாற்றம். வெப்பம் சரி எனில் இன்ஜெக்டர் அல்லது நேர அமைப்பு, மெக்கானிக்கை அழையுங்கள். வெதுவெதுப்பான காலநிலையிலும் நீராவி மிகுந்து, வெளியேறும் நீர் குறைந்திருந்தால், எரிபொருளை மறந்துவிட்டுக் கடல்நீர் பம்பின் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் சக்கரம்) முதலில் பாருங்கள். எஞ்சினுக்குள் சுற்றும் குளிர்விப்பு நன்னீரின் மட்டமும் குறைந்துகொண்டே வந்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். அது சூடேறியபின்னும் தொடர்ந்தால் கம்ப்ரெஷன் சோதனைக்கு ஆள் தேவை.

அறிகுறி 5: எஞ்சின் ஆயிலின் மட்டம் தானாக ஏறுகிறது

ஆயில் கோலில் மட்டம் உயர்ந்து, ஆயில் நீர்த்து, டீசல் வாடை அடித்தால், காணாமல்போன டீசல் எங்கே போனது என்பது தெரிந்துவிட்டது. அந்த எஞ்சினை மீண்டும் இயக்காதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது. மட்டம் மிக உயர்ந்தால் எஞ்சின் அந்தக் கலவையையே எரிபொருளாக உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடவும் கூடும். காரணங்களில் மலிவானது எரிபொருளை ஏற்றும் சிறு பம்பின் கிழிந்த டயாஃப்ரம். அடுத்தது வால்வு மூடிக்குள் செல்லும் எரிபொருள் குழாய்களின் கசிவு. டெட்ராய்ட் இரண்டடி எஞ்சின்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. மிகவும் செலவு பிடிப்பது இன்ஜெக்ஷன் பம்பின் ஷாஃப்ட் சீல். டயாஃப்ரத்தைக் கழற்றிப் பார்ப்பது வரை நீங்கள் செய்யலாம், மற்றவை மெக்கானிக்குக்கு. எதைச் சரிசெய்தாலும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே இயக்க வேண்டும்.

அறிகுறி 6: மணிக்கணக்குச் செலவு சரி, ஆனால் கால் டேங்க் இருக்கும்போதே எஞ்சின் தடுமாறுகிறது

முதலில் உங்கள் கோடிட்ட அளவுகோலை இறக்கி, முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். டீசல் உண்மையிலேயே இருந்தால், காற்று உள்ளே வருகிறது. பழைய டேங்குகளில் உறிஞ்சுகுழாய் நடுவில் அரித்து விரிசல் விட்டிருக்கும். டீசல் மட்டம் அந்த விரிசலுக்கு மேல் இருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. கீழே இறங்கியதும் காற்றை இழுக்கத் தொடங்கும். எஞ்சின் எப்போதும் ஒரே மட்டத்தில் தடுமாறினால் இதைத்தான் ஐயப்பட வேண்டும். கரையில் கட்டியிருக்கும்போது, தனிக் கேனிலிருந்து ஒளிபுகும் குழாய் வழியே எரிபொருள் கொடுத்து, திரும்புகுழாயையும் அந்தக் கேனுக்கே விட்டு, சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். சீராக ஓடினால் பழுது டேங்குக்கும் எஞ்சினுக்கும் இடையில்தான். அலை மிகுந்த நாளில் மட்டும் தடுமாறினால் அடியிலுள்ள நீரும் வண்டலும் கலங்கி ஃபில்டரை அடைக்கின்றன. டேங்கைத் திறந்து சுத்தம் செய்யும் நிறுவனத்தை அழைக்க வேண்டும்.

இந்தப் பழுது தீர்ந்த பிறகும், பயண தூரத்தை மொத்தக் கொள்ளளவில் கணக்கிடாதீர்கள். முன்பு சொன்ன படகில் 1600 லிட்டர் டேங்க் இருந்தால், உறிஞ்ச இயலாத பத்து விழுக்காட்டை நீக்கி 1440 லிட்டர். மொத்தத்தில் இருபது விழுக்காட்டைக் கையிருப்பாக நிறுத்தினால் மீதம் 1120 லிட்டர். 7.5 நாட்டில் அது 560 கடல்மைல். 10 நாட்டில் 250 கடல்மைல்கூட இல்லை. திரும்பும் வழியில் எதிர்க்காற்று என்றால் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்ற பழைய முறையே எனக்கு மனநிறைவு தருவது.

டீசல் குறைந்துவிட்டது, ஓர் எஞ்சினில் மட்டும் போகலாமா?

போகலாம், ஆனால் எதிர்பார்க்கும் மிச்சம் கிடைக்காது. நின்ற பக்கத்தின் புரொப்பல்லர் தடையாக இழுக்கும், சுக்கானைச் சாய்த்தே பிடிக்க வேண்டும், ஓடும் எஞ்சின் தன் அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமக்கும். பல வேளைகளில் இரண்டையும் மெதுவாக ஓட்டுவதே ஏறத்தாழ அதே தூரத்தைத் தரும். ஒன்றை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், ஷாஃப்ட் தானாகச் சுழலுவதைக் கியர்பாக்ஸ் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். சிலவற்றில் எஞ்சின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். அப்போது ஷாஃப்டைப் பூட்ட வேண்டும். ஷாஃப்ட் சுழலுமானால் அதன் சீலுக்கு நீர் கிடைக்க வழி செய்ய வேண்டும். படகு முன்னேறும் விசையில் நின்ற எஞ்சினின் கடல்நீர்க் குழாய் வழியே நீர் ஏறி, சைலன்சரை நிரப்பி, சிலிண்டர் வரை போகக்கூடும். ஆகவே அந்தப் பக்கக் கடல்நீர் வால்வை மூடி, எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். சாவியை எடுப்பவருக்கு வால்வு மூடியிருப்பது நினைவுக்கு வரும்.